அப்பாவின் பெயருக்கு நேரே எழுதிய சொல்

கிள்ளானில் இருக்கும் என் மகனுக்கு, உன் அம்மா சொல்லி அனுப்புவது. எழுதுகிற கை உன் தங்கை அஞ்சலையுடையது. நான் பேசுவதைப் பேசுகிற மாதிரியே எழுதச் சொன்னேன். அதெல்லாம் எழுத்தில் நன்றாக இருக்காது, பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்லிக்கொடுத்த தமிழில்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டாள். அதனால் உன் அம்மா திடீரென்று படித்தவள் ஆகிவிட்டாளோ என்று சிரிக்காதே. பேனாவால் எழுதினால் முள் கீறும் சத்தம் முன்னறைக்குக் கேட்கும் என்று பென்சிலை எடுத்திருக்கிறாள். அவளுக்குப் பயம். அடுப்படியில் விளக்கைத் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் மறைத்து வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து எழுதுகிறாள். உன் அப்பா முன்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். தூங்கவில்லை. இந்த வீட்டுச் சங்கதி எதையும் உனக்கு எழுதக் கூடாது என்று எங்கள் இரண்டு பேரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். அவர் சொல்லை மீறி நான் செய்கிற முதல் காரியம் இது. காலையில் துணிக்கடை காதர் பாய் வருவார். அவர் கையில் கொடுத்தனுப்பிவிடுவேன்.

நீ வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வர வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். திங்கட்கிழமை காலையில் உன் அப்பாவை ரயில்வே ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். துரை நேரில் கூப்பிட்டுப் பேசுவாராம். பேசி முடித்த பிறகுதான் இந்த வருஷத்து ரிப்போர்ட்டில் அவர் பெயருக்கு நேரே எழுதுவாராம். ஆட்களைக் குறைக்கிறார்கள் என்பது உனக்கும் தெரியும். இந்த லைன் வீடுகளிலேயே பல பூட்டிக் கிடக்கின்றன. சட்டிபானையைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கப்பலேறப் போனவர்கள் ஜன்னல் துணியைக்கூடக் கழற்றாமல் போய்விட்டார்கள். நீ வந்து துரையிடம் பேச வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரவு உன் அப்பா தூங்க வேண்டும். தூங்காத முகத்தோடு அவர் அந்த அறைக்குள் போகக் கூடாது. நீ இந்த வீட்டில் படுத்திருந்தால் அவர் தூங்குவார் என்று எனக்குத் தோன்றுகிறது. வேறு எந்த வழியும் எனக்குத் தெரியவில்லை.

கிள்ளான் என்ன கடல் கடந்தா இருக்கிறது? சாயங்காலம் கிள்ளான் வண்டி நம் வீட்டுக்குப் பின்னால்தான் போகிறது. அது போகும்போது கூரைத் தகரமெல்லாம் அதிரும். நான் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நிற்பேன். ஜன்னலில் தெரிகிற முகங்களில் உன் முகம் இருக்காது என்று தெரியும். நீ அங்கே இருக்கிறாய், வண்டி இங்கேயிருந்து போகிறது. இருந்தாலும் இந்த வண்டி இன்னும் கொஞ்ச நேரத்தில் உன் ஊரில் போய் நிற்கும் என்று நினைத்தால் ஏதோ உன்னைத் தொட்ட மாதிரி இருக்கிறது. தீபாவளிக்கு நீ வருவாய் என்று எண்ணெயும் சீயக்காயும் எடுத்து வைத்திருந்தேன். வேலை அதிகம் என்று சொல்லி அனுப்பினாய். உன் தலைக்கு வைத்த எண்ணெயை அஞ்சலை தலையில் தேய்த்துவிட்டேன். (எனக்குக் கண் எரிந்தது. - அஞ்சலை)

போன வாரம் காதர் பாய் துணி மூட்டையோடு வந்தார். நீ அவர் கடைக்கு மேலே குடியிருப்பதால் அவரைப் பார்த்தாலே எனக்கு உன்னைப் பார்த்த மாதிரி. கோப்பி கொடுத்தேன். குடித்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, ஒம்ம புள்ள ராவெல்லாம் வெளக்கு எரிக்கிறாரு. மண்ணெண்ணெய் வாங்க எங்கிட்டதான் வர்றாரு, அதனால எனக்குத் தெரியுது."

"படிக்கிறானோ என்னவோ பாய்."

"படிக்கிற ஆளு உக்காந்து படிப்பாரு. இவரு நடக்குறாரு. மேல பலகை கிறீச் கிறீச்சுன்னு விடிய விடிய. என் சம்சாரம் சொல்றா, மேல ஒரு ஆளு குடியிருக்காரா, ஒரு மாட்டுவண்டி குடியிருக்கான்னு." சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "கம்பெனியில இந்த மாசம் இவரைப் பத்தி எழுதுவாங்களாம். நல்லா எழுதினாத்தான் வேல நெரந்தரமாம். கண்ணு உள்ள போயிருச்சு தங்கச்சி."

அன்று இரவு எனக்கும் தூக்கம் வரவில்லை. உன் அப்பா முன்னறையில் புரளுகிறார். நீ அங்கே பலகையில் நடக்கிறாய். இரண்டு பேரையும் ஒரே நோய் பிடித்திருக்கிறது. நடுவில் நான் ரயில் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

உன் அப்பா எப்படித் தூங்குகிற மனிதர் என்பது உனக்கு நினைவிருக்கிறதா? வேலை முடிந்து வந்து, குளித்து, சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் அவ்வளவுதான். பக்கத்தில் இஞ்சின் வந்து ஊதினாலும் அசைய மாட்டார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது நீ அவர் கையைத் தலைக்கு வைத்துக்கொண்டுதான் தூங்குவாய். கை மரத்துப்போய் காலையில் உதறிக்கொண்டே வேலைக்குப் போவார். ரயில் யார்டில் வந்து நிற்கிற சரக்கு வேகன்களின் நம்பரை எழுதுவதுதான் அவர் வேலை. வெயிலிலும் மழையிலும் நடந்து, முதலில் ரஃப் புத்தகத்தில் பென்சிலால் எழுதுவார். பிறகு கொட்டகையில் உட்கார்ந்து அதையே மையால் அழகாக இன்னொரு புத்தகத்தில் எழுதுவார். அதற்குப் பெயர் ஃபேர் புத்தகம். ஆபீசுக்குப் போவது ஃபேர்தான். ரஃப் என்றால் அடித்தல் திருத்தல். ஃபேர் என்றால் ஒரு குறையும் இல்லாதது. அவர் கற்ற இங்கிலீஷில் பாதி இந்த இரண்டு வார்த்தை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். உன் தங்கை கோலம் கோணலாகப் போட்டால்கூட, "இது ரஃப். தண்ணி தெளிச்சுட்டு ஃபேரா போடு" என்பார்.

முன்பெல்லாம் ரிப்போர்ட் என்று ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. பழைய துரை கண்ணால் பார்த்தார், காதால் கேட்டார், வேலை நடந்தது. புதுத் துரை வந்த பிறகுதான் ஒவ்வொரு ஆளைப் பற்றியும் வருஷத்துக்கு ஒருமுறை எழுதி மேலே அனுப்பும் வழக்கம் நம் யார்டுக்கு வந்தது. எழுதினதை ஆளிடம் காட்ட மாட்டார்கள். காட்டாததால்தான் எல்லோருக்கும் அது வேண்டியிருந்தது. ஆபீஸ் பியூன் முனியாண்டி மேசையைத் துடைக்கிற சாக்கில் எட்டிப் பார்த்துவிட்டு வந்து ஆளாளுக்குச் சொல்வான். அப்படித்தான் போன வருஷம் அவன் நம் வீட்டு வாசலுக்கு ஓடிவந்தான். நீயும் அன்று வீட்டில்தான் இருந்தாய்.

"அண்ணே, பாத்துட்டேன். ஒங்க பேருக்கு நேரா ஃபேர்னு எழுதியிருக்கு."

"நல்லாப் பாத்தியா? ரஃப் இல்லையே?"

"ரஃப்னு ஒண்ணும் இல்லண்ணே. ஃபேர்தான். எழுத்துக் கூட்டிப் படிச்சேன்லா."

உன் அப்பா உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எழுந்து நின்றார். என்னைப் பார்த்த பார்வை கல்யாணத்தன்றுகூட நான் பார்க்காதது. அவர் சும்மா இருந்திருப்பார். நான்தான் சும்மா இருக்கவில்லை. கேசரி கிண்டி, லைனில் இருக்கிற வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பினேன். எல்லோரும் வந்தார்கள். பக்கத்து வீட்டுச் சின்னப்பனும் வந்தான். உன் அப்பா நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்போது நீ அறைக்குள்ளிருந்து வந்து, என்ன விசேஷம் என்று கேட்டாய். சொன்னார்கள். நீ ஒன்றும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் பதில் சொல்கிற மாதிரிதான் சொன்னாய்.

"அப்பா, அதுல எக்ஸலெண்ட், குட், ஃபேர், பூவர்னு வரிசையா வரும். ஃபேர்னா மோசமில்ல. அவ்வளவுதான்."

"மோசமில்லன்னா நல்லதுதானேடா?"

"நல்லதுன்னா குட்னு எழுதியிருப்பாங்கப்பா."

சின்னப்பன் கையிலிருந்த கேசரியைப் பார்த்துவிட்டு, "அப்ப இந்தக் கேசரி குட்டா, ஃபேரா?" என்றான். சிரிப்பு வந்தது. உன் அப்பாவும் சிரித்தார். நான் காலிக் கிண்ணங்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். மறுநாளிலிருந்து யார்டில் அவருக்கு ஃபேர் அண்ணன் என்று பெயர். "ஃபேர் அண்ணே, இந்த வேகன் ஃபேரா இருக்கா பாருங்க" என்று பிள்ளைகள்கூடக் கேட்டார்கள். அடுத்த மாதமே உனக்குக் கிள்ளானில் வேலை கிடைத்தது. நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவர் கோபமாக இருக்கிறார் என்று நீ நினைத்தாய். இப்படி ஒரு அப்பனா என்று உனக்கு வெட்கம் என்று அவர் நினைத்தார். இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். நடுவில் நின்ற நான் வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்று நான் கேசரிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

தூக்கம் ஒரே நாளில் போகவில்லை. முதலில் விடியற்காலையில் சீக்கிரம் விழித்தார். பிறகு நடு இரவில் விழித்தார். பிறகு படுப்பதற்கே பயந்தார். படுத்தால் நம்பர் ஓடுகிறது என்றார். எழுதின நம்பர் சரியா என்று சந்தேகம் வரும். சட்டையை மாட்டிக்கொண்டு லாந்தரோடு யார்டுக்குப் போய்விடுவார். காவல்காரர்தான் பலமுறை கூட்டிவந்து விட்டிருக்கிறார். "அண்ணே, வேகன் எங்கயும் ஓடிப்போவாது. நம்பரும் அழிஞ்சு போவாது. போய்ப் படுங்க" என்பார். படுக்கத்தான் முடியாது. சோறு பாதியில் நிற்கும். பாத்திரம் விழுந்தால் அஞ்சலை மேல் எரிந்து விழுவார், பிறகு அவள் தலையைத் தடவுவார். சட்டை நெஞ்சுப் பக்கம் இரண்டு விரல் தாராளமாகிவிட்டது. வைத்தியர் நாடியைப் பார்த்துவிட்டு, நோய் ஒன்றுமில்லை, நன்றாகத் தூங்குங்கள் என்றார். அதற்குத்தானே மருந்து கேட்டோம்.

தவறு செய்துவிடுவோமோ என்ற பயத்தில் தூங்கவில்லை. தூங்காததால் தவறு செய்தார். ரஃப் புத்தகத்தில் சரியாக எழுதியதை ஃபேர் புத்தகத்தில் எழுதும்போது இரண்டு எண்களை இடம் மாற்றி எழுதிவிட்டார். துறைமுகத்துக்குப் போக வேண்டிய ரப்பர் வேகன் காஜாங் பக்கம் போய்க் கிடந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி நடந்ததில்லை. அதற்காகத்தான் திங்கட்கிழமை கூப்பிட்டிருக்கிறார்கள். உத்தரவு வந்த அன்று அவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "இனிமே ஃபேர்கூட வராது."

தம்பி, உனக்கு நான் என்ன சொல்வேன்? உன் கம்பெனி எனக்குத் தெரியாது. உன் துரை எப்படிப்பட்டவர் என்றும் தெரியாது. ஆனால் தூங்காத ஆளோடு ஒரு வருஷம் குடித்தனம் செய்தவள் நான். அந்தப் படிப்பு எனக்கு இருக்கிறது. துரை அந்த ஒரு சொல்லை எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? பேனாவை மையில் தொட்டு எடுக்கிற நேரம். எழுதிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார். அதைத் தப்பு என்று சொல்லவில்லை, அவருக்கு எழுத எத்தனையோ பெயர்கள். ஆனால் அவர் எழுதியது உன் அப்பா செய்த வேலையைப் பற்றி. அதை இவர் தன்னைப் பற்றி எழுதியதாக எடுத்துக்கொண்டார். மழையில் நனைந்தது, உனக்குக் கையைத் தலையணையாகக் கொடுத்தது, என் பிரசவத்தில் வாசலில் விடிய விடிய நின்றது, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஃபேர் என்று எழுதிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டார். நீயும் அப்படி எடுத்துக்கொள்கிறவன்தான். எனக்குத் தெரியும்.

தெரியும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அதை உனக்குப் பழக்கினது நாங்கள். பள்ளிக்கூடத்து மார்க் அட்டை வரும் நாளில், அப்பா வந்து பார்த்து முடிக்கும்வரை உனக்குச் சோறு போட மாட்டேன். பசிக்கிறது என்று நீ கேட்க மாட்டாய். சுவரில் சாய்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாய். நல்ல மார்க் என்றால் நெய் ஊற்றுவேன். குறைந்திருந்தால் நெய் இல்லை. உன் அப்பா திட்டக்கூட மாட்டார், அட்டையை மடித்துக் கொடுத்துவிடுவார். அன்று இரவு நீ தூக்கத்தில் வாய்ப்பாடு சொல்வாய். கெட்டிக்காரப் பிள்ளை, தூக்கத்திலும் படிக்கிறான் என்று அடுத்த வீட்டில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அது பெருமையில்லை, பயம் என்று இப்போது உன் அப்பா நம்பர் சொல்லிப் புலம்பும்போதுதான் புரிகிறது. மார்க் எதுவாக இருந்தாலும் நெய் ஊற்றியிருக்க வேண்டும். இப்போது நீ வந்தால் ஊற்றுவேன்.

ஆகவே விளக்கை அணைத்துவிட்டுப் படு. தூக்கம் வராவிட்டால் நடக்காதே, படுத்தே இரு, உடம்பாவது இளைப்பாறட்டும். ராத்திரி வெறும் வயிற்றோடு படுக்காதே. யாராவது ஒருவரிடம் வாய்விட்டுப் பேசு, காதர் பாயிடமாவது பேசு. அவர் சிரிக்க வைப்பார். நிரந்தரம் ஆகாவிட்டால் இந்த வீட்டுக்கு வா. இந்த வீடே நிரந்தரமா என்பது திங்கட்கிழமைதான் தெரியும், ஆனாலும் வா. எங்கே இருப்போமோ அங்கே நீயும் இருப்பாய். ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு கேட்க வேண்டியதில்லை, அன்று உனக்கு விடுமுறைதானே. இரவு தங்கிவிட்டு விடியற்காலை முதல் வண்டியைப் பிடித்தால் வேலைக்கு நேரத்தோடு போய்விடலாம். உன் பெயருக்கு நேரே யாரும் எதுவும் எழுத இடம் வராது. அதையெல்லாம் யோசித்துத்தான் கேட்கிறேன். அப்பாவிடம் எதுவும் விளக்க வேண்டாம். பக்கத்தில் பாயைப் போட்டுப் படு, போதும்.

அண்ணா, இனி நானே எழுதுகிறேன். அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். முன்னறையில் நாதாங்கிச் சத்தம் கேட்டது. நான் காகிதத்தைப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டேன். அப்பா வந்து அடுப்படி வாசலில் நின்றார். அம்மா, "தண்ணி வேணுமா?" என்று கேட்டாள்.

"யாருக்கு எழுதுறீங்க?" என்றார் அப்பா.

நான் காகிதத்தை வெளியே எடுத்தேன். அவர் என்னைப் பார்த்து, "படி" என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தலையை ஆட்டினாள். முதலிலிருந்து படித்தேன். அவர் நிலையில் சாய்ந்துகொண்டு கேட்டார். முனியாண்டி வந்த இடம் வந்ததும், அதை விட்டுவிட்டு லாந்தர் எடுத்துக்கொண்டு போகிற இடத்துக்குப் போய்விட்டேன்.

"நடுவுல ஒண்ண விட்டுட்டியே. அதையும் படி."

படித்தேன். கேசரி வரைக்கும் படித்தேன். அப்பா அடி வாங்கினவர் மாதிரி நிற்பார் என்று நினைத்தேன். அவர் கீழே உட்கார்ந்துவிட்டார். எல்லாம் முடிந்த பிறகு, "அவனும் தூங்கலியாமா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"காதர் பாய் சொன்னாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்களும் தூங்க மாட்டீங்கன்னுதான்." சொல்லி முடித்த பிறகுதான் அம்மாவுக்கு அது எப்படிப்பட்ட பேச்சு என்று தெரிந்தது. அப்பாவுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது.

பிறகு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "ஞாயித்துக்கெழமை காலை வண்டியில வரச் சொல்லு. சாயங்கால வண்டியில கூட்டம், நின்னுக்கிட்டே வரணும்." பிறகு இதையும் எழுதச் சொன்னார்: "திங்கக்கெழமை நான் உள்ள போறப்ப அவன் ஆபீஸ் வாசல்ல நிக்கட்டும். தொரை என்ன வார்த்தை சொல்றாரோ அதை அப்படியே மனசுல வச்சுக்கிட்டு வெளிய வரேன். அதுக்கு என்ன அர்த்தம்னு அவன் எனக்குச் சொல்லட்டும். முனியாண்டி சொல்ல வேணாம். வேற யாரும் சொல்ல வேணாம்."

"நல்ல வார்த்தையா இல்லன்னா?" என்று கேட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அப்பவும் அவன்தான் சொல்லணும்."

அம்மா மெதுவாக, "திங்கக்கெழமை லீவு கேட்டா அவன் கம்பெனியில அதை எழுதிருவாங்களே" என்றாள். அப்பா விளக்கையே பார்த்தார். நான் எழுதியதை அழிக்கச் சொல்வார் என்று ரப்பரைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன்.

"எனக்குத் தெரியாதா அது? நிக்கச் சொன்னேன்னு எழுதாத," என்றார். "வாசல்ல நின்னா நல்லா இருக்கும்னு எழுது."

அண்ணா, நீ வாசலில் நின்றால் நன்றாக இருக்கும்.